ஒல்லாந்தர் துவக்குகள்

அன்று காலை சங்குமுனைக் கோயில் வளவில் நின்றவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே நிற்காதவர்கள்தான் பின்னர் அதிகம் பேசினார்கள். நின்றவர்கள் பெனடிக்ற், அவருடைய மகன் டிலுக்சன், மருமகள் கிருஷிகா, பங்குச்சுவாமி மரியசீலன், கூத்தில் அரசன் வேடம் கட்டும் அந்தோனிமுத்து, அவர் மனைவி பிரான்சிஸ்கா, கருவாடு வாங்க வந்த முசலி வியாபாரி ஜமால்தீன். வேறு ஒருவரும் இல்லை.

சங்குமுனை அரிப்புக்குத் தெற்கே கடலோரத்தில் கிடக்கும் சின்ன ஊர். சனம் நானாட்டான் பக்கத்து அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வீடுகளுக்குத் தகரக் கூரை வந்திருந்தது. கோயிலுக்கு அதுவும் வரவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் போரில் செல் விழுந்து சரிந்து கற்குவியலாகக் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வளவு முழுவதையும் சோதித்துவிட்டு, அந்தக் குவியலை மட்டும் தொடாமல் போயிருந்தார்கள். அதன் அடியில்தான் டிலுக்சன் தோண்டிக்கொண்டிருந்தான்.

பெனடிக்ற் அவன் தோண்டிய கிடங்கின் விளிம்பில் கைகளைப் பின்னால் கட்டி நின்றார். அறுபத்தேழு வயதிலும் முதுகு வளையாத மனிதர். வெயில் ஏறியும் மேற்சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றவில்லை.

"ஆமி முகாமுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் தோண்டியிருக்கலாம்," என்றார் சுவாமி.

"கூத்துக்கு அனுமதி கேட்டனான் சுவாமி. தந்தவை."

"துவக்குக்குக் கேட்டனீங்களோ?"

"எங்கட வீட்டுச் சாமானை எங்கட கோயில் வளவிலை இருந்து எடுக்க நான் ஆரிட்டைக் கேட்கவேணும்?"

அந்தோனிமுத்து கல்லொன்றில் குந்தியிருந்தார். அரசன் வேடத்துக்கென்றே வளர்த்த வயிறு மடியில் கிடந்தது. "உங்கட வீட்டுச் சாமான் எண்டு சொல்லாதையும் மச்சான். அது ஊர்ச் சாமான்."

"ஊர்ச் சாமான் எண்டால் ஊர் ஏன் ஒரு நாளும் தொடேல்லை?"

"நீர் தொட விட்டனீரோ?"

ஜமால்தீன் சிரித்தார். பிரான்சிஸ்கா புருஷனின் தோளில் இடித்து வாயை மூடச் சொன்னாள். அப்போது மண்வெட்டி பிளாஸ்ரிக்கில் பட்டது.

நீல நிறப் பீப்பாய். இடம்பெயர்ந்த அன்று, செல் வந்து விழுந்துகொண்டிருக்க, பெனடிக்ற் தன் வீட்டுப் பத்திரங்களை விட்டுவிட்டு இதைத்தான் புதைத்தார். மூடியைத் திறந்ததும் சுறா எண்ணெய் மணம் எழுந்தது. எண்ணெய் ஊறிய பாய்த்துணியை விரித்தபோது ஏழு நீளக்குழல் துவக்குகள் வரிசையாகக் கிடந்தன. பித்தளைப் பட்டிகள் பச்சை பூத்திருந்தன. அவற்றோடு பால்மாத் தகர ரின் ஒன்றும் இருந்தது. அதற்குள் கூத்தில் புகை எழுப்புவதற்கான வெடிமருந்து.

அந்தோனிமுத்து எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அதுதான் ஊர் வழக்கம். திருநாள் கொடியேற்றத்தின்போது பெனடிக்ற் வீட்டு ஆண்கள் ஏழு பேர் துவக்கை நிமிர்த்திப் பிடித்து நிற்பார்கள். ஊர் ஆண்கள் அவற்றைக் கடக்கையில் தலையைத் திறந்துகொண்டு கடப்பார்கள். கொடிக்கயிற்றின் முதல் பிடி அந்த வீட்டுக்கு. முத்துக்குளிப்புக் காலத்தில் அந்த வீட்டு மூத்தவன் ஒருவன் கடலடி முத்துப்பாரைக் காவல் காத்ததற்காக, டச்சுக்காரர் காலத்தில் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தக் கப்பித்தான் கொடுத்த துவக்குகள் அவை என்று ஊர் நம்பியது. மற்றவர்கள் அவர்களைத் துவக்குக்காரர் வீடு என்றே அழைத்தார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் அந்தப் பெயர் போதுமாயிருந்தது.

துவக்குகள் பொய். அது உயிரோடிருந்தவர்களில் பெனடிக்ற் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய தகப்பன் சுவாம்பிள்ளை சாகும் படுக்கையில் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "தண்ணிக்குழாயடா தம்பி. மன்னாரிலை ஒரு கொல்லன் செய்து தந்தவன். ஆரையும் தொட விடாதை," என்று சொல்லிக் கண்ணை மூடினார். பெனடிக்ற் யாரையும் தொட விடவில்லை. பிள்ளைக்கும் சொல்லவில்லை. அவன் தன் நாற்பதாவது வயதில் அறிந்துகொண்டால் போதும் என்று நினைத்திருந்தார்.

டிலுக்சன் ஒரு துவக்கை எடுத்து, துணியால் துடைத்து, தோளில் சார்த்தி நிமிர்ந்தான். அந்த நேரம் பார்த்து இராணுவ ரோந்து வந்தது.

மோட்டார் சைக்கிள்கள் மதில் வாசலில் நிற்பதற்குள்ளேயே ஒருவன் குதித்து ஓடிவந்தான். அவன் கத்தியது சிங்களம். டிலுக்சனுக்கு விளங்கவில்லை. துவக்கைக் கீழே போடாமல், மரியாதையாகச் சுவாமியிடம் நீட்டினான். நீட்டிய துவக்கின் வாய் ஓடிவந்தவனின் நெஞ்சுக்கு நேரே வந்தது. அடுத்த கணம் சிப்பாயின் இரும்புத் துவக்குப்பிடி டிலுக்சனின் வாயில் இறங்கியது. பல்லும் இரத்தமும் பாய்த்துணியில் சிந்தின. விழுந்தவனின் விலாவில் சப்பாத்துகள் ஏறின. கிருஷிகா அவன்மேல் விழப் போனாள். ஒருவன் அவளைக் கூந்தலில் பிடித்து இழுத்து எறிந்தான். அவள் கற்குவியலில் விழுந்து முழங்கை பிளந்தது. சுவாமி சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார். அவருடைய அங்கியைப் பிடித்து உலுக்கிச் சுவரோடு தள்ளினார்கள்.

பெனடிக்ற் அசையவில்லை. துவக்கு முனை கழுத்தில் அழுத்திக்கொண்டிருக்க, நிமிர்ந்தபடி தமிழில் சொன்னார்:

"இது இயக்கத்தின்ரை இல்லை. எங்கட வீட்டுத் துவக்கு. ஒல்லாந்தர் தந்தது. ஜமால்தீன், சொல்லும் அவங்களுக்கு."

ஜமால்தீன் சொன்னார். அவருடைய சிங்களம் புத்தளத்து அகதி வாழ்வில் இருபது வருஷம் பழகியது, பிழையில்லாதது. பெனடிக்ற் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னார். அன்றைய முதல் பிழை அதுதான்.

முகாம் பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டிடத்தில் இருந்தது. துவக்குகளை விறாந்தை மேசையில் பரப்பி வைத்தார்கள். டிலுக்சனைப் பின்னறைக்கு இழுத்துப் போனார்கள். பெனடிக்ற்றைத் தூணோடு நிற்க வைத்தார்கள். அவரே நின்றார் என்பதுதான் சரி. கதிரை காட்டியும் அவர் இருக்கவில்லை. மொழிபெயர்க்க ஜமால்தீனைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

பொறுப்பதிகாரி இளம் வயதுக்காரர், மீசைகூடச் சரியாக வரவில்லை. ஒவ்வொரு துவக்காக எடுத்து வாய்க்குள் பார்த்தார். துரு. மருந்து ரின்னை மணந்து பார்த்து முகம் சுளித்தார். பழைய துவக்கை நேரில் கண்டவர் இல்லை அவர். துவக்கு ஏழு, மருந்து ஒரு ரின், எண்ணெய் பூசி, பாயில் சுற்றி, மண்ணுக்குள். இயக்கம் புதைத்தவற்றை அவர் எடுத்திருக்கிறார். அவையும் இப்படித்தான் எண்ணெய் பூசி, இப்படித்தான் பீப்பாயில் இருந்தன.

பின்னறையிலிருந்து முதல் அடியின் சத்தம் வந்தது. மணல் நிரப்பிய பிளாஸ்ரிக் குழாயின் சத்தம் அது. ஈரச் சாக்கை நிலத்தில் போட்டதுபோல ஒலித்தது. அதன் பின் டிலுக்சனின் குரல்.

"ஒல்லாந்தர் தந்தது. ஒல்லாந்தர்."

பெனடிக்ற் தூணைப் பிடிக்கவில்லை.

நண்பகலுக்கு முன் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். தலை நரைத்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர். துவக்கு ஒன்றைக் கையில் தூக்கி நிறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஐயா, கேளுங்க. இது உண்மைத் துவக்கு எண்டால் ஒரு வழக்கு. மருந்தும் இருக்கு, ஒளிச்சும் வைச்சிருக்கு. பயங்கரவாதச் சட்டத்தில உங்க மகன் இண்டைக்குப் பின்னேரம் கொழும்புக்குப் போவார். எப்ப வருவார் எண்டு நான் சொல்லேலாது."

"அவன் ஒரு இயக்கத்திலையும் இருந்ததில்லை."

"துவக்கு மாதிரிச் செய்த பொருள் எண்டாலும் குற்றம்தான். கூத்துக்கு எண்டாலும், ஆசைக்குச் சேர்த்து வைச்சது எண்டாலும், அனுமதி இல்லாமல் வைச்சிருக்கேலாது. ஆனால் அது மன்னார்க் கோட்டுக்குப் போய்க் குற்றப்பணத்தோடை முடியிற வழக்கு. இரண்டில எது எண்டு சொல்லுங்க."

பின்னறையில் அடி விழுந்தது. "ஒல்லாந்தர் தந்தது," என்றான் டிலுக்சன். குரலில் சொற்கள் குழம்பத் தொடங்கியிருந்தன. வாயில் பல்லில்லாததால் அப்படி.

ஒரு சொல் போதும். பெனடிக்ற்றின் நாக்கு நுனியில் அது இருந்தது. தகப்பனின் கட்டில் கண்ணில் வந்தது. திருநாளுக்குத் தலைத்துண்டைக் கழற்றி வரிசையில் வரும் ஊர் வந்தது. தன் தங்கையைக் கட்டிய வீட்டார், தன் மகனுக்குப் பெண் தந்த வீட்டார், துவக்குக்காரர் வீடு என்று கேட்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டவர்கள், எல்லாரும் வந்தார்கள். சுவாம்பிள்ளை ஒரு பொய்யன் என்று அந்த இளம் அதிகாரிக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார். மூடினார். சுவாமி ஆயரிடம் பேசுவார், யாராவது பெரியவர் வருவார், கொழும்பிலிருந்து படித்த ஒருவன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுவான் என்று நினைத்தார். அதற்குள் மீண்டும் அடி விழுந்தது. இந்த முறை சொல் வரவில்லை, ஒரு இழுவைச் சத்தம் மட்டும் வந்தது.

அப்போது வாசலில் அந்தோனிமுத்துவின் குரல் கேட்டது. ஊர்ச்சனம் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று அவர் காவலில் நின்றவனோடு வாதாடி, கடைசியில் சுவாமியோடு சேர்த்து உள்ளே விடப்பட்டார். மேசைக்கு முன்னால் வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார். இந்த இடத்திலும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

"சேர், இது உண்மையான துவக்கு. சத்தியமாய் உண்மையான துவக்கு. ஒல்லாந்தர் காலத்துச் சாமான். இவையளுக்கும் எங்களுக்கும் பரம்பரையாய்ச் சரிவராது, ஆனாலும் நான் சொல்லுறன். எங்கட ஊரிலை இதை மிஞ்சின சாமான் இல்லை."

"வாயைப் பொத்துங்க," என்றார் ஜமால்தீன் தாழ்ந்த குரலில். "நீங்க சொல்றத நான் சிங்களத்தில மாத்திச் சொன்னா பொடியன் போயிருவான்."

"ஏன்? பழைய சாமான் எண்டால் இயக்கத்தின்ரை இல்லை எண்டுதானே அருத்தம்?"

"உண்மையான துவக்கு எண்டா உண்மையான வழக்கு, காக்கா. பேசாம நில்லுங்க."

ஆனால் துவக்கு என்ற சொல்லை மாற்றிச் சொல்லத் தேவையில்லை. சிங்களத்திலும் ஏறக்குறைய அதுதான். அதிகாரி தலையை ஆட்டி, காவலுக்கு நின்றவனிடம் வாகனத்தை எடுக்கச் சொன்னார்.

பின்னறைக் கதவு திறந்தது. டிலுக்சனை இருவர் கக்கத்தில் பிடித்து இழுத்து வந்தார்கள். முகம் அடையாளமில்லை. இடது காதிலிருந்து இரத்தம் கழுத்தில் வழிந்து உறைந்திருந்தது. தகப்பனைக் கண்டதும் நிமிரப் பார்த்தான். முடியவில்லை.

"நான் ஒண்டும் மாத்திச் சொல்லேல்லை அப்பா," என்றான்.

பெனடிக்ற் தூணை விட்டு முன்னால் வந்தார்.

"அது துவக்கில்லை," என்றார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

"துவக்கில்லை. தண்ணிக்குழாய். எங்கட அப்பர் மன்னாரிலை ஒரு கொல்லனைக் கொண்டு செய்விச்சது."

முதலில் சிரித்தவர் அந்தோனிமுத்து. அது ஏளனச் சிரிப்பல்ல, இரங்கிய சிரிப்பு. "பிள்ளைக்காகச் சொல்லுறார் சேர். பெத்த மனம். நம்பாதையுங்கோ." பிறகு பெனடிக்ற்றின் பக்கம் குனிந்து, "மச்சான், உமக்கு விசரே? சுவாம்பிள்ளையற்றை பேரைக் கெடுக்காதையும்," என்றார்.

அதிகாரிக்கு ஜமால்தீன் சொன்னார். அதிகாரியும் சிரித்தார், ஆனால் அவருடைய சிரிப்பு வேறு வகை. "காலையில் ஒல்லாந்தர் துவக்கு என்றான். இப்போது குழாய் என்கிறான். பின்னேரம் புல்லாங்குழல் என்பான். கொழும்பில் பார்த்துக்கொள்ளட்டும்." டிலுக்சனை வாசற்பக்கம் இழுத்தார்கள்.

பெனடிக்ற் மேசையிலிருந்த துவக்குகளில் ஒன்றைப் பிடித்தார்.

காவல்காரர்கள் துவக்குகளை நிமிர்த்திப் பூட்டை இழுத்த சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்டது. சுவாமி நிலத்தில் விழுந்தார். பெனடிக்ற் துவக்கின் வாய்ப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, சீமெந்துப் படியின் விளிம்பில் ஓங்கி அடித்தார். பித்தளைப் பட்டி நெளிந்தது. மரம் உடையவில்லை. மறுபடி ஓங்கும்போது துவக்குப் பிடி ஒன்று அவருடைய வலது முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. துவக்கு கையிலிருந்து விழுந்தது. அவர் குனிந்து இடது கையால் எடுத்தார். முதுகில் ஒரு உதை. முழங்காலில் விழுந்தார். விழுந்த நிலையிலேயே படியின் விளிம்பில் அடித்தார். மீண்டும் அடித்தார். யாரோ அவருடைய முடியைப் பிடித்துத் தலையைப் படியில் மோதினார்கள். நெற்றி பிளந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அடுத்த அடியில் மரம் நீளவாக்கில் பிளந்தது.

குழாய் கழன்று சீமெந்தில் உருண்டு, அதிகாரியின் சப்பாத்தில் முட்டி நின்றது.

குழாயின் அடிப்பக்கம் வெளியே வந்திருந்தது. அதில் திருகுபுரி. புரியில் இறுகிப் பூட்டிய இணைப்புச் சொக்கட். கசியாமலிருக்கச் சுற்றிய சணல், அதன்மேல் பூசிய ஈயப்பசை. சொக்கட்டின் வாயை ஒரு மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள். மருந்துக்கு நெருப்பு வைக்க அதில் எங்கும் துளை இல்லை. தண்ணீர்க் குழாய் பூட்டிய வீட்டில் பிறந்த எவருக்கும் அது என்னவென்று தெரியும்.

இன்ஸ்பெக்டர் குனிந்து எடுத்தார். புரியில் விரலை ஓட்டினார். "பைப்," என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி மற்ற ஆறையும் பார்த்தார். அவற்றையும் உடைக்கச் சொல்லி ஒரு சிப்பாயிடம் கையைக் காட்டினார்.

"நான்," என்றார் பெனடிக்ற் நிலத்திலிருந்து. "நான் உடைக்கிறன். ஜமால்தீன், சொல்லும். வேறை ஆள் தொடப்படாது."

ஜமால்தீன் என்ன சொல்லிக் கேட்டாரோ தெரியாது. அதிகாரி தோளைக் குலுக்கினார். சிப்பாய் ஒரு கோடரியைக் கொண்டுவந்து கொடுத்தான். வலது கை தொங்க, இடது கையால் பெனடிக்ற் ஒவ்வொன்றாக உடைத்தார். கோடரி தவறித் தன் காலிலும் ஒருமுறை பட்டது. அவர் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சனம் பார்த்துக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு மரமும் பிளந்தபோது ஒவ்வொரு குழாய் வெளியே வந்தது. அந்தோனிமுத்து கையிலிருந்த தலைத்துண்டைத் தலையில் கட்ட மறந்து நின்றார்.

பின்னேரம் வழக்கு எழுதப்பட்டது. போலித் துவக்கு, அனுமதியில்லை, வைத்திருந்தவர் பெனடிக்ற். மகனின் பெயர் வழக்கில் இல்லை. பிணையில் விட்டார்கள். ஜமால்தீனின் கருவாட்டு வானில் டிலுக்சனைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். கிருஷிகா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெனடிக்ற் முன்னால் ஏற மறுத்து, பின்னால், அவர்களுக்கு எதிரே நிமிர்ந்து இருந்தார். முறிந்த கையைச் சுவாமியின் இடுப்புக் கயிற்றால் கழுத்தில் கட்டியிருந்தார்கள்.

வான் மண் ரோட்டில் குதித்துக் குதித்துப் போனது.

"அப்பா, உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"உன்ர அப்பு சாகேக்கை."

டிலுக்சன் கூரையைப் பார்த்தான். "நான் உள்ளுக்கை அடிக்க அடிக்க ஒல்லாந்தர் ஒல்லாந்தர் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

"கேட்டது."

அதற்குப் பிறகு மகன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். கேட்காத இடது காது தகப்பன் பக்கம் வந்தது.

"முதல் அடியோடையே சொல்லியிருக்கலாம் மாமா," என்றாள் கிருஷிகா. குரலை உயர்த்தவில்லை. பெனடிக்ற் அவளைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் தலை குனிந்தது அந்த வானுக்குள்தான் என்று பின்னர் ஜமால்தீன் சொன்னார். கண்ணாடியில் பார்த்தாராம்.

மன்னார்க் கோட்டில் பெனடிக்ற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றப்பணம் கட்டினார். உடைந்த துண்டுகளை அழித்துவிடும்படி கட்டளை வந்தது. டிலுக்சனின் இடது காதுக்குக் கேள்வி திரும்பவில்லை. கடலில் காற்றுத் திரும்புவது அந்தப் பக்கமென்றால் தோணியில் கூட வந்தவன் கத்திச் சொல்ல வேண்டும்.

திருநாளுக்கு முதல் அந்தோனிமுத்து வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியே நின்றார்.

"சின்ன வயசிலை இருந்து தண்ணிக்குழாய்க்கு முன்னாலை தலைத்துண்டைக் கழட்டியிருக்கிறன் மச்சான்."

"கழட்டச் சொல்லி நான் கேட்டனானோ?"

"கழட்டாதவனை உம்மட அப்பர் கோயில் வாசலிலை வைச்சு அறைஞ்சவர். எங்கட அப்பருக்கு விழுந்தது. எனக்குத் தெரியும், நான் பக்கத்திலை நிண்டனான்."

"ஓம். அறைஞ்சவர்."

அந்தோனிமுத்து அதற்குமேல் சண்டையை எதிர்பார்த்து வந்திருந்தார். அது கிடைக்காததால் சிறிது தடுமாறினார். படலையில் கையை வைத்துக்கொண்டு, "கொடிக்கயிறு என்னண்டு?" என்றார்.

"நீர் பிடியும். எங்கட வீட்டாக்கள் பின்னாலை நிப்பினம்."

"எனக்கு நீர் தாறது வேண்டாம்."

"நான் தரேல்லை. என்னட்டைத் தர ஒண்டுமில்லை. நீர் பிடியும்."

அந்த வருஷம் கூத்து ஆடவில்லை. கொடி ஏறியது. முதல் பிடியை அந்தோனிமுத்து பிடித்தார். பிடித்தபோது யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் மேலே பார்த்தார். பெனடிக்ற் கடைசி வரிசையில், வெள்ளைக் கட்டுப் போட்ட கையோடு, முழுப் பொத்தானும் பூட்டி நின்றார். அந்த வருஷம் தலைத்துண்டை யாரும் அவிழ்க்கவில்லை. கொடிக்கம்பத்தடியில் காற்று மட்டும் அடித்தது.

அதற்குள் வேறொரு கதை கிளம்பியிருந்தது. முதலில் நானாட்டானில் கேட்டது, பிறகு அரிப்பில், பிறகு வெள்ளாங்குளம்வரை போனது. பெனடிக்ற் உடைத்தவை வேண்டுமென்றே செய்து வைத்த போலிகளாம். முகாம்காரரை ஏமாற்றவாம். உண்மையான ஒல்லாந்தர் துவக்குகள் ஏழும் வேறொரு கிடங்கில் இன்னும் கிடக்கின்றனவாம். அவற்றுக்காக மகனின் காதைக்கூடக் கொடுத்த மனிதர் அவர் என்று சிலர் மதிப்போடு சொன்னார்கள். இந்தக் கதையை எல்லோரையும்விட அதிகம் சொன்னவர் அந்தோனிமுத்து. தான் தலை திறந்து நின்றது ஒரு உண்மைக்கு முன்னால் என்று அவருக்கு வேண்டியிருந்தது. டிலுக்சனைக் காணும்போதுகூட, அவனுடைய நல்ல காதுப் பக்கம் போய், "எனக்குத் தெரியுமடா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண் வீட்டார் மறுபடியும் கதிரையைத் துடைத்துப் போடத் தொடங்கினார்கள்.

அந்தக் கதை தன் காதுக்கு வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது, பெனடிக்ற் வாசலில் நின்றார். ஒருவரையும் கூப்பிடவில்லை. அவர் நிற்பதைக் கண்டு அவர்களாகவே நின்றார்கள். டிலுக்சனும் நின்றான், கிருஷிகா அவன் வலப்பக்கத்தில்.

"வேறை துவக்கு இல்லை," என்றார் பெனடிக்ற். "வேறை கிடங்கும் இல்லை. நான் உடைச்ச ஏழுந்தான் இருந்தது. அது ஏழும் தண்ணிக்குழாய். ஒல்லாந்தர் எங்கட ஆக்களுக்கு ஒண்டும் தரேல்லை."